பன்னிரண்டாவது ரூல்

“துணியோட ஆட முடியாது. வெளியே போ.”

ரெஃப்ரி பேசில் இப்படிச் சொன்னதும் பிரிக்பீல்ட்ஸ் திடலில் கூடியிருந்த அத்தனை பேரும் கொதித்துப் போனார்கள்.

கிள்ளான் குழுவோடு கோப்பைக்கான கால்பந்து ஆட்டம். தொடங்க ஐந்து நிமிஷம்கூட இல்லை. வெளியே போகச் சொன்னது யாரை? பக்கிரிசாமியை! பிரிக்பீல்ட்ஸ் குழுவில் கோல் போடத் தெரிந்தவனே அவன் ஒருவன்தான்.

பக்கிரிசாமி எப்போதும் வெறுங்காலில் ஆடுகிறவன். அன்று வலது பாதத்தில் மட்டும் ஒரு துணி சுற்றியிருந்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் எல்லார் காலையும் பார்ப்பது பேசிலின் வழக்கம். பூட்ஸ் போட்டவனுக்கு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவுவார். வெறுங்காலனுக்கு நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பக்கிரிசாமியின் துணிக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். உடனே சட்டைப் பையிலிருந்து ரூல் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

“ரூல் பன்னிரண்டு. ஒண்ணு பூட்ஸ், இல்லாட்டி வெறுங்கால். துணி சுத்தின கால் கூடாது.”

குழுவின் மானேஜர் சபாபதி ஓடி வந்தார். பலகைக் கிடங்கில் அவர் மண்டோர். ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். பக்கிரிசாமிக்கு வேலை கொடுத்திருப்பதும் அவர்தான்.

“அவ்வளவுதானே லா? டேய், துணியை அவுருடா!”

“சுத்திக்கிட்டு திடல்ல கால் வச்சாச்சு. இன்னைக்கு ஆட முடியாது. அதுவும் புத்தகத்துல இருக்கு.”

பேசில் சொன்னால் புத்தகம் சொன்ன மாதிரி. பதினோரு வருஷமாக அப்படித்தான். வேறு வழியில்லாமல் இன்னொருவனை இறக்கினார்கள். கிள்ளான்காரர்கள் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“நம்ம ஊர் ரெஃப்ரியே நமக்குக் குழி வெட்டிட்டான்!” என்று ஜனங்கள் ஏசிக்கொண்டே கலைந்தார்கள்.

சபாபதி நேராக நாகையாவிடம் போனார். நாகையா கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. ரெஃப்ரி ஆக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. சிங்கப்பூரிலிருந்து அதே புத்தகத்தை வரவழைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் ஒன்பதாவது ரூல் வரை வந்திருந்தான்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீ பாரு தம்பி. அப்படி ஒரு ரூல் இல்லேன்னா, கமிட்டியில சொல்லி ஆட்டத்தைத் திரும்ப வைக்கிறேன். பேசில் கழுத்துல இருக்கிற விசில் உன் கழுத்துக்கு வரும்.”

நாகையா பன்னிரண்டாவது ரூலுக்கு ஒரே தாவாகத் தாவினான். ஆணி இருந்தது. தோல் பட்டை இருந்தது. துணி இல்லை. முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை மூன்று நாள் தேடினான். எங்கேயும் இல்லை. அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும்தான், மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேசில் வெளியே வந்தபோது, மாதா கோயில் வாசலில் புத்தகத்தை நீட்டினான்.

“அந்த ரூலைக் காட்டுங்க அண்ணே.”

பேசில் புத்தகத்தை வாங்கவில்லை. “அப்படி ஒண்ணு இல்ல தம்பி.”

“பூசைக்கும் வர்றீங்க, பொய்யும் சொல்றீங்க!”

“அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். சுவாமியார் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லியாச்சு.”

“உங்களால கோப்பையே போச்சு!”

“அந்தத் துணிக்குள்ள விரலை விட்டேன். கட்டைவிரல் எலும்பு ரெண்டா கெடக்கு. கிடங்குல பலகை விழுந்துச்சுன்னு அப்பவே காதோட சொன்னான். மண்டோர்கிட்ட காலைக் காட்டினானாம். ‘ஆடலேன்னா பேரை அடிச்சிடுவேன், கப்பலேறி நாகப்பட்டினம் போ’ன்னாராம்.”

நாகையா நீட்டிய புத்தகத்தை மடக்கிக்கொண்டான். ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. வேலை போனவர்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கிரிசாமியின் மனைவி நல்லம்மாள் நிறைமாதக்காரி.

“அடிபட்டவனை நிறுத்த அந்தப் புத்தகத்துல எனக்கு ஒரு ரூலும் கிடைக்கல” என்றார் பேசில். “அவனா ஆட மாட்டேன்னா வேலை போயிடும். ரூல் தடுத்தா போகாது. நீ உள்ளதைப் போய்ச் சொல்லு. விசிலை நானே கழட்டிக் கொடுத்துடறேன்.”

சபாபதி கோப்பிக் கடையில் காத்திருந்தார்.

“என்ன தம்பி, இருக்கா இல்லையா?”

நாகையா புத்தகத்தைப் பிரித்து, ஆணியைப் பற்றிய வரியின் மேல் விரலை வைத்தான். விசிலை நினைத்தபோது மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

“இருக்குங்க, மண்டோரய்யா.”

சபாபதியின் முகம் தொங்கிப் போனது. “என்ன பண்றது, ரூல்னா ரூல்தான். சரி, அடுத்த வாரம் அம்பாங்ல ஆட்டம். துணி இல்லாம இறக்கிடறேன்.”

நாகையா ஒரு பக்கம் புரட்டினான்.

“அது முடியாதுங்க. துணி கட்டினவன் ஆறு வாரத்துக்குத் திடல் பக்கமே வரக்கூடாதாம். அதுவும் புத்தகத்துல இருக்கு.”