இந்த மாதம் பூஜ்யம்

"பூஜ்யமா? சார், யாருக்குக் காது குத்தறீங்க?"

இன்ஸ்பெக்டர் நீட்டிய தாளைப் பார்த்துச் சிரித்தாள் புள்ளிவிவரக்காரி.

போலீஸ்காரர் யார் மேல் கை வைத்தாலும், தள்ளினாலும், தடியை ஓங்கினாலும் அன்றைக்கே ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும் என்பது புது உத்தரவு. ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கி அவற்றைத் திரட்டி, மாதக் கடைசியில் ஊரே பார்க்கும்படி இணையத்தில் போடுவது அவள் வேலை. அவள் ஸ்கூட்டர் வாசலில் நின்றாலே எல்லா ஸ்டேஷனிலும் ஃபைல்களைத் தேடி ஓடுவார்கள்.

"நிஜமாவே பூஜ்யம்தாம்மா. எங்க ஆளுங்க எல்லாம் பூனைக்குட்டி மாதிரி."

"அப்ப திங்கட்கிழமை காலையில பூங்கா வாசல்ல ஒருத்தரைக் குப்புறத் தள்ளினது எந்தப் பூனைக்குட்டி?"

இன்ஸ்பெக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற ஏட்டு, ஆறடி உயரமும் அதற்கேற்ற மீசையுமாக இருந்தவர், சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"அது சின்ன விஷயம்மா. அந்த ஆளே 'எனக்கு ஒண்ணுமில்ல, ஃபாரமெல்லாம் வேண்டாம்'னு சொல்லிட்டாரு. புகாரே இல்லாதப்ப…"

"புகார் வந்தாதான் எழுதணும்னு உத்தரவுல இல்லையே."

"எழுதினா ஏட்டு வேலைக்கே உலை வெச்ச மாதிரி ஆயிடும்மா. பாவம், புள்ளகுட்டிக்காரரு."

"அவர் பேர் வெளிய வராது சார். எத்தனை தடவை, எதுக்காக, அடி பட்டுதா, அவ்வளவுதான் வரும். நீங்க ஒண்ணை மறைச்சா பக்கத்து ஸ்டேஷன் பத்தை மறைக்கும். அப்புறம் நாங்க போடற எதையும் ஜனங்க நம்ப மாட்டாங்க."

அதற்குள் ஏட்டு முன்னால் வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அன்னைக்கே எழுதிட்டேம்மா. குடுக்கத்தான் தைரியம் வரல. ரெண்டு நாளா சோறே இறங்கல."

"யோவ்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கட்டும் சார், பண்ணினது நான்தானே." ஏட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஒரு அம்மாவோட கைப்பையைப் பிடுங்கிட்டு ஒருத்தன் ஓடினாம்மா. நீல பனியன், தொப்பி. துரத்திக்கிட்டே தெருமுனையில திரும்பறேன், பூங்கா வாசல்ல எனக்கு முன்னால அதே நீல பனியன், அதே தொப்பி, அதே ஓட்டம். பாய்ஞ்சுட்டேன். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் முகத்தையே பார்த்தேன்."

"அப்ப நிஜத் திருடன்?"

"அவன் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்தான். சிரிப்பை அடக்க முடியல அவனுக்கு. அதுலதான் மாட்டினான்."

அவளுக்கும் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தாளை விரித்தாள்.

"காயம், முழங்கால்ல சிராய்ப்பு. மன்னிப்புக் கேட்டீங்களா?"

"நூறு தடவை!"

"வயசு ஐம்பத்தாறு. சரி. தொழில்ங்கற இடம் மட்டும் காலியா இருக்கே?"

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"போலீஸ் கமிஷனர்."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"இந்த ஃபாரம் உத்தரவைப் போட்டவரே அவர்தான்மா," என்றார் இன்ஸ்பெக்டர் பரிதாபமாக. "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு எங்க கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. இப்பச் சொல்லுங்க, எழுதத்தான் போறீங்களா?"

அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள். தாளை ஏட்டின் பக்கம் நகர்த்தினாள்.

"கைவிலங்கு மாட்டினதை விட்டுட்டீங்களேண்ணே, அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்க. படியில வழுக்கிட்டேன்னுதான் எங்கப்பா வீட்ல சொன்னாரு; படியில வழுக்கினவருக்கு மணிக்கட்டுல எப்படி விலங்குத் தடம் வரும்?"