காஸ் மாத்திரையெல்லாம் ஒரு மாத்திரையா

“உண்மையைச் சொல்லுங்க, காலையில மாத்திரை போட்டீங்களா இல்லையா?” தையற்காரரின் மனைவி போடும் சத்தத்தில், எண்டோஸ்கோப்பி அறை வாசல் பெஞ்சில் காத்திருப்பவர்கள் தங்கள் வயிற்றை மறந்து நிமிர்கிறார்கள். “காஸ் மாத்திரையெல்லாம் ஒரு மாத்திரையாடி?” என்கிறார் அவர். சட்டைப்பையில் மாத்திரை அட்டை சரசரக்க, கையால் பொத்துகிறார். தேதி குறிக்கும் பெண் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, “அதைப் போட்டா வயித்துக் கிருமி பதுங்கிக்கும்ணே, டெஸ்ட்ல சிக்காது. ரெண்டு வாரம் நிறுத்திட்டு வாங்க, டியூப் விட்டுப் பார்க்கிறதையும் கிருமி டெஸ்டையும் சேர்த்தே வச்சிடறேன்” என்று ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறாள். மனைவியின் குரல் இறங்குகிறது. “அன்னிக்குத்தாம்மா எம்பொண்ணு புருஷன்கிட்ட போறா, பிளேன் ஏத்திவிடணும்.” “அதை விட்டா ரெண்டு மாசம் ஆகும்க்கா. மயக்க ஊசி போடுவோம், கூட ஆள் வேணும்.” மேலே மின்விசிறி கடகடக்கிறது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மனுஷர், தன் கால்சட்டை இடுப்பை மட்டும் யாருக்கும் தெரியாமல் இரண்டு தரம் பிடித்துத் தைத்திருக்கிறார்; நூல் நிறம்கூடச் சேரவில்லை. மனைவி அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வெள்ளிக்கிழமையே போடும்மா” என்கிறாள்.

கிருமி அகப்பட்டது, வெறும் புண்தான் என்றார்கள். மகள் கடல் தாண்டிக் குடிபோய்விட்டாள். வழியனுப்பியது சம்பந்தியம்மா மட்டும். இவள் அன்று இதே பெஞ்சில், புருஷனுடைய மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, வானத்தில் கேட்ட இரைச்சலுக்கெல்லாம் கையசைத்தாளாம்.