இன்பமணியின் கால்வலி

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடாமல் தம்பி வீட்டுக்கு வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள் சுடலைவடிவு. இல்லாவிட்டால் இந்தக் கூத்து கண்ணில் பட்டிருக்குமா?

இன்பமணி கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். கீழே மணையில் தளவாய். வாதம் வந்து மாதக்கணக்கில் மில்லுக்குப் போகாமல் கிடக்கிற தம்பி, பெண்டாட்டிக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இடது கைய எடுங்க. வலது கையாலயே அமுக்குங்க" என்றாள் இன்பமணி.

வலது கைதான் வாதத்தில் போன கை.

"நல்லாத்தான் இருக்கு!" என்றாள் வடிவு, வாசலில் நின்றபடி.

தளவாய் நிமிர்ந்து சிரித்தான். "வா யக்கா. இவளுக்குக் கால்ல ஒரே கொடச்சல்."

"லே, சீக்காளி நீயா, அவளா?"

"வாங்க மதினி, இந்தா காப்பி போடுதேன்" என்ற இன்பமணி எழுந்திருக்கவில்லை. "குதிகால மட்டும் கட்டைவிரலால அமுக்கிருங்க. அழுத்தி. பூப் பறிக்கியளோ?"

அவன் விரல் நடுங்கியது. நெற்றி வேர்த்தது. அந்நேரம் மில் சங்கு ஊதியது. ஒரு கணம் கையை நிறுத்திக் கேட்டான். பிறகு இன்னும் அழுத்தினான்.

இன்பமணி எழுந்து அடுக்களைக்குப் போனதும் வடிவு பின்னாலேயே போனாள்.

"ஏட்டி, ஒனக்கு வெக்கமா இல்ல? கை வெளங்காதவன்கிட்டயா கால நீட்டுவ? அவன இப்பவே முக்கூடலுக்கு, எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பைய பேசுங்க மதினி. எனக்குக் கால் வலி இல்ல."

"பொறவு?"

"டாக்டர் ஒரு ரப்பர் பந்தக் குடுத்து தெனமும் அமுக்கச் சொன்னாரு. 'நான் என்ன பச்சப்புள்ளையா'ன்னு இவரு அதத் தெருவுல எறிஞ்சிட்டாரு. நான் எண்ணெ தேச்சுவிடப் போனாலும் கைய இழுத்துக்கிடுவாரு. சொவத்தப் பாத்தே படுத்துக் கெடந்தாரு. ஒருநாள் எனக்கு நெசமாவே கால் வலிச்சுது. அவராவே எந்திரிச்சு வந்து பிடிச்சு விட்டாரு."

வடிவு காப்பிக்குத் தம்ளரை எடுத்து வைத்தாள்.

"அன்னையில இருந்து எனக்குத் தெனமும் வலிதான். எண்ணெ போட்டு நீவுனா உள்ளங்கை விரியுது. கெண்டைக்காலப் பிசைஞ்சா விரலு மடங்குது. குதிகால அமுக்குனா கட்டைவிரலுக்குப் பெலம். தை பொறந்ததும் மில்லுல கையப் பாப்பாங்க. அந்துபோன நூல முடிஞ்சு காட்டுனாத்தான் திரும்ப வேல."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ரோசத்துல விட்ருவாரு. சொல்லிராதிய மதினி."

காப்பியைக் குடித்துவிட்டு வடிவு தம்பி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பிடரியைத் தடவிக்கொண்டாள்.

"லே தம்பி, பீடி சுத்திச் சுத்திக் கழுத்து கல்லாப் போச்சு. கொஞ்சம் பிடிச்சு விடேன். வலது கையால."

தளவாய் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தபடி, அவள் காதருகே குனிந்து கேட்டான்:

"உன் வலி எந்த விரலுக்குக்கா?"