மாடி அறையில் ஒரு தட்டைப்புழு

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த என் கணவர் விட்டுப்போன கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தட்டைப்புழு இருக்கிறது. வாரம் ஒருமுறை மாடியேறி ஈரல் துணுக்கு போட்டு, தண்ணீர் மாற்றிவிட்டு வருகிறேன். ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில், "இதுக்கு இதயம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன். "இதயமும் கிடையாது, ரத்தமும் கிடையாது விமலா. உடம்பு இவ்வளவு மெல்லிசா இருக்கிறதால, சுத்தியிருக்கிற தண்ணியிலேர்ந்தே காத்து உள்ளுக்குள்ள வரைக்கும் ஊறிடும். தடிச்சா செத்துப்போயிடும்" என்றார். அந்த அறையில் அவர் புரண்டு படுத்தாலே எனக்கு முழிப்பு வந்துவிடும். மாடி கட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். மாடியில் அவர் கட்டிலருகே அழைப்பு மணிக்குப் பொத்தான் வைத்தோம். மணி கீழே சமையலறையில். அவர் மாடியில் விழுந்து இறந்துபோன காலையில் நான் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் மணியடிக்கவே இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இன்று கீழே மருமகள் மிக்ஸியைப் போட்டதும், அந்தப் பொத்தானில் விரலை வைத்தேன். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். புழு கிண்ணத்தின் ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தது. மிக்ஸி நிற்கவில்லை.