கைப்பக்குவம்

"வயித்துல ஊசி குத்தி அதுல கரண்ட் விட்டா அஜீரணம் போயிடுமா? என் பொண்டாட்டிக்கே என் சமையல் செரிக்கலைன்னா ஊரே சிரிக்கும். நீ போகக் கூடாது!"

வீட்டிலும் கரண்டியை விட்டுக்கொடுக்காத அந்தக் கேண்டீன் சமையல்காரர், சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

"வயிறு என்னோடது. போகத்தான் போறேன்," என்று மனைவியும் செருப்பை மாட்டினாள்.

அக்குபஞ்சர் கிளினிக்கில் டாக்டரம்மா அவள் வயிற்றில் ஊசிகளைச் செருகி, கம்பிகளை மாட்டினார். "லேசா துடிக்கும், பயப்படாதீங்க. பக்கத்துக் கட்டில்காரர் ரொம்ப நாளா வர்றாரு."

திரைக்கு அந்தப் பக்கம் நீளமாக ஓர் ஏப்பம். "டாக்டரம்மா, கரண்டைக் கொஞ்சம் கூட்டுங்க. காலையில என் சமையலை நானே சாப்பிட்டுத் தொலைச்சுட்டேன்."

ஊசிகளோடு படுத்திருந்தவள் அசையவில்லை. குரல் மட்டும் எழும்பியது.

"கூட்ட வேண்டாம் டாக்டரம்மா! இன்னையிலேருந்து எங்க வீட்டுல சமையல் நான்தான்!"