பொட்டுக்கு அடியில்

தெய்வானையின் பழைய கார் பெட்ரோலை மொடாக்குடியனாட்டம் குடித்தது. சரியாகாவிட்டால் காயலான் கடைதான் என்று சொல்லிவிட்டாள்.

"எல்லாம் இந்த எஞ்சின் குடிகாரனால்" என்றது புகைக்குழாயிலிருந்த ஆக்சிஜன் சென்சார். புகையை மோந்து பார்த்து எவ்வளவு பெட்ரோல் ஊற்றலாமென்று சொல்வது அதன் வேலை.

"ஊற்று ஊற்று என்று சொன்னதே நீதானேடா, மூக்கு செத்த பயலே!" என்று உறுமியது எஞ்சின்.

உண்மை தெரிந்தது டேஷ்போர்டிலிருந்த எச்சரிக்கை விளக்குக்கு. மூன்று மாதமாக எரிகிறது. கண்ணை உறுத்துகிறதென்று தெய்வானை அதன்மேல் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்திருந்தாள்.

மெக்கானிக் வந்து பொட்டை உரித்தார்.

"எஞ்சினை விடுங்கய்யா, சென்சாரைப் பாருங்க!" என்று விளக்கு கத்தியது.

சென்சார் முனகியது: "ஆமாம். எனக்கு வாசனை போய் ரொம்ப நாளாச்சு. சொன்னால் கழற்றிவிடுவார்களே!"

"இவ்வளவுதானா? சின்ன சாமான்" என்று மெக்கானிக் அதை மட்டும் மாற்றினார். எஞ்சின் அளவாகக் குடித்தது. விளக்கு தானாக அணைந்தது.

தெய்வானை பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.