ஆளில்லா இடத்துக்கு ஒரு பந்து

மூன்றாம் பிரிவுக் கால்பந்தில் எல்லா வீரர்களும், எப்போது எங்கே ஓடுவதென்று காதில் மாட்டிய கருவி சொன்னபடியே ஓடினார்கள். கருவி அணியாத கடைசி நடுக்கள வீரன் ஜெரோன். இன்று ஒரு கோலுக்காவது வழியமைக்காவிட்டால் அணியில் அவனுக்கு இனி இடமில்லை.

இடைவேளைக்குப் பின் தடுப்பாளர்களுக்கு நடுவே ஒரு வெளி திறந்தது. ஆள் வந்து சேர்வான் என்ற விசுவாசத்தோடு அவ்விடத்துக்குப் பந்தை அனுப்பினான். அது யாரும் தொடாமல் எல்லைக்கோட்டைக் கடந்தது.

“ஏம்லே ஓடல?” என்று முன்கள வீரன் சூசையிடம் ஜெரோன் கேட்டான்.

“பாத்தேன் அண்ணே. ஓட காலு துடிச்சுது. காதுல ஒண்ணும் சொல்லலியே!”

பயிற்சியாளர் கைகாட்டினார். “உனக்க ஞானதிருஷ்டி போதும், ஏறி வா!”

வெளியேறும்போது ஜெரோன் நிமிர்ந்து பார்த்தான். காதில் எதுவுமில்லாத பார்வையாளர்கள் அத்தனை பேரும் அந்தப் பந்துக்காக எழுந்தவர்கள், இன்னும் உட்காரவில்லை.